முப்பதைத் தாண்டிய பிறகு பல்லுக்குக் கிளிப்: போடும் முன் பார்க்க வேண்டியவை

எனக்கு 36 வயதில் கிளிப் போட்டார்கள். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பல் நகர்வதற்கு வயது ஒரு தடையே இல்லை. கம்பி மெதுவாக அழுத்தும்போது பல்லின் ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளரும். ஐம்பதிலும் இது நடக்கும். ஆனால் ஈறும் எலும்பும் நன்றாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சிக்கல் வருவது அங்கேதான்.

படி 1: ஈறைப் பாருங்கள்

பல் தேய்த்துத் துப்பும்போது நுரையில் சிவப்பு தெரிகிறதா? முன்பு ஒட்டியிருந்த முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா? ஈறு நோயாக இருக்கலாம். அதோடு பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் தேயும், பல் ஆடத் தொடங்கும். எனக்குப் பற்களைச் சுத்தம் செய்து, இரண்டு சொத்தையை அடைத்து, மூன்று மாதம் கழித்துத்தான் கம்பி கட்டினார்கள். அந்தக் காத்திருப்பு அவசியம். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 2: சரியான மருத்துவர்

பி.டி.எஸ். முடித்து, பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரிடம் போங்கள். எக்ஸ்ரேகூட எடுக்காமல் அன்றைக்கே கிளிப் ஒட்டுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 3: இம்பிளான்ட் அவசரம் வேண்டாம்

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல். அது எலும்போடு இறுகிவிடும், கம்பி இழுத்தாலும் நகராது. விழுந்த பல்லுக்கு இம்பிளான்ட் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பெரும்பாலும் சீரமைப்பு முடிந்த பிறகுதான் வைப்பார்கள்.

படி 4: எந்த வகை?

உலோகக் கிளிப் உறுதியானது, விலையும் குறைவு. பீங்கான் கிளிப் வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதில் மாட்டும் நிறமற்ற ரப்பர் வளையம் நம் சாம்பார் மஞ்சளில் ஒரே வாரத்தில் மஞ்சளாகிவிடும். அலைனர் என்னும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். டீக்கு ஒரு முறை, வடைக்கு ஒரு முறை என்று கழற்றுபவருக்கு அது சரிப்படாது.

படி 5: ஒப்புக்கொள்ளும் முன்

பல் பிடுங்க வேண்டுமா, எத்தனை மாதம் ஆகும், சொன்ன தொகைக்குள் ரிட்டெய்னரும் (கிளிப் கழற்றிய பிறகு பல்லை அதே இடத்தில் பிடித்து வைப்பது) சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். கம்பி இறுக்கிய மூன்று நான்கு நாள் வலிக்கும், ரசம் சாதம் போதும். உதட்டில் உரசும் இடத்தில், கிளிப்புக்கென்றே கிடைக்கும் மெழுகை உருட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

படி 6: ரிட்டெய்னர்

கிளிப் கழற்றியதும் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதனால் ரிட்டெய்னர் போடுவதைப் பல வருடம், சிலருக்கு ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். நான் ஒரு கல்யாணப் பந்தியில் அதைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தேன். இலையை எடுத்தவர் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார். புதியது செய்து வாங்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் கீழ்ப்பல் ஒன்று லேசாகத் திரும்பிவிட்டது. இப்போது பையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கிறது.