பெயர்ப்பட்டியல் குழு ஆகாது: பணிக்குழுவை அமைத்து நடத்தும் முறை

புதிய பணி ஒன்று வந்ததும் மேலாளர்கள் முதலில் செய்வது பெயர்ப்பட்டியல் எழுதுவதுதான். யாருக்கு நேரம் இருக்கிறது, எந்தத் துறையை விட்டுவிட்டால் மனத்தாங்கல் வரும் என்று பார்த்துப் பார்த்துப் பெயர்களைச் சேர்த்து, எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் குழு பிறந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். மூன்று மாதம் கழித்தும் வேலை நகரவில்லை என்றால், அவருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று பழியை ஆட்களின் குணத்தின்மேல் போடுகிறோம். பெரும்பாலும் குறை குணத்தில் இல்லை, குழுவை அமைத்த விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே இங்கே ஆட்களைத் திருத்துவது பற்றி அதிகம் பேசப்போவதில்லை.

முதலில், இந்த வேலைக்குக் குழு தேவையா என்று கேளுங்கள். ஐந்து பேர் தத்தம் பிரிவின் கணக்கைத் தனித்தனியாக முடித்து ஒருவரிடம் ஒப்படைத்தால் போதுமென்றால், அது ஐந்து தனி வேலைகள்தான். அவர்களை வாராவாரம் கூட்டி உட்காரவைப்பதால் ஐவரின் நேரமும் வீணாகும். ஒருவர் பாதி வழியில் எடுக்கும் முடிவு மற்றவரின் வேலையை மாற்றிவிடும் என்ற நிலை இருந்தால் மட்டுமே குழு அமையுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ஊர் கூடித் தேர் இழுத்தால் சுமை குறையும் என்பது உண்மைதான், ஆனால் இழுப்பவர் ஒவ்வொருவரின் உழைப்பும் கூடவே குறையும் என்பதைப் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் அளந்தே காட்டினார். 1913-இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் வலுவில் ஏறத்தாழ பாதியைத்தான் செலுத்தினார்கள். ஒரே நொடியில் ஒரே திசையில் இழுக்க முடியாமை ஒரு காரணம். 'நான் கொஞ்சம் தளர்த்தினால் யாருக்குத் தெரியப்போகிறது' என்ற எண்ணம் இன்னொன்று என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது தனித்துத் தெரியும்படி அமைத்தபோது அந்தத் தளர்ச்சி பெரிதும் மறைந்தது. எனவே ஒவ்வொரு பணிக்கும் ஒரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். இருவர் பெயர் எழுதப்பட்ட பணி, நடைமுறையில் ஒருவர் பெயரும் எழுதப்படாத பணிதான்.

எண்ணிக்கை கூடும்போது இன்னொரு சுமையும் ஏறுகிறது. ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராக ஒத்திசைய வேண்டிய உறவுகள் 10. ஏழு பேருக்கு 21. பன்னிரண்டு பேருக்கு 66. ஆள் இரண்டரை மடங்குகூட ஆகவில்லை, உறவுகளோ ஆறு மடங்கைத் தாண்டிவிட்டன. ஐந்து முதல் ஏழு பேருக்குள் நிறுத்திக்கொண்டு, மற்றவர்களைத் தேவைப்படும்போது ஆலோசனைக்கு அழைப்பதே நல்லது. மரியாதைக்காகச் சேர்க்கப்படும் எட்டாவது நபருக்கும் அந்த மரியாதையால் பயன் இல்லை.

ஆட்களைத் தேர்ந்த பிறகு, நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்துதல்' என்பது நோக்கமன்று, வாழ்த்துரை. 'புகார் வந்த இரண்டு வேலை நாளுக்குள் முதல் பதில் போய்ச்சேரும் நிலையை ஆறு மாதத்துக்குள் உண்டாக்குதல்' என்பது நோக்கம். நிறைவேறியதா இல்லையா என்பதை வெளியாள் ஒருவர்கூடச் சோதித்துப் பார்க்க முடியும். அதற்குக் கீழே, இந்தக் குழு தானே முடிவெடுக்கக்கூடியவை எவை, மேலிடத்தின் ஒப்புதல் வேண்டியவை எவை என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். குழுக்கள் முடங்கிக் கிடப்பதற்கு நான் கண்ட மிகச் சாதாரணமான காரணம் இந்த இரண்டு வரி இல்லாததுதான்.

முதல் கூட்டத்தை அறிமுகச் சடங்காகக் கழித்துவிடக் கூடாது. கான்னி கெர்சிக் என்ற ஆய்வாளர் எட்டுக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்து 1988-இல் எழுதியபோது, முதல் சந்திப்பிலேயே பதிந்துவிட்ட அணுகுமுறை ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய பாதிக் காலம் வரை அப்படியே தொடர்ந்ததைக் கண்டார். அன்றைக்குத் தலைவர் மட்டுமே பேசினால், அடுத்த பல வாரங்களுக்கும் அவர்தான் பேசிக்கொண்டிருப்பார். ஆகவே முதல் நாளிலேயே வேலை செய்யும் விதத்தைப் பேசி முடியுங்கள்: அவசரச் செய்தி எந்த வழியில் வர வேண்டும், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், கருத்து வேறுபட்டால் யார் முடிவு செய்வார், சொன்ன நாளில் முடியாது என்று தெரிந்தால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம்போலத் தோன்றினாலும், பிற்காலத்துக் கசப்புகளில் பாதியை அது ஒன்றே தடுத்துவிடும்.

சில வாரங்களில் உரசல் வரும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல் குழுக்களின் வளர்ச்சியைக் கூடல், மோதல், நெறிப்படல், செயல்படல் என நான்கு கட்டங்களாகப் பிரித்தார். எல்லாக் குழுவும் அதே வரிசையில் போவதில்லை என்பதையும், அவர் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் பல சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், அந்தப் பகுப்பு ஓரளவுக்கு உதவும். எது பற்றிய உரசல் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வேலையின் உள்ளடக்கம் பற்றிய வாக்குவாதமாக இருந்தால் நடக்க விடுங்கள். யார் பெரியவர் என்பதாக மாறினால், பெரும்பாலும் பொறுப்பின் எல்லை தெளிவாக வரையப்படவில்லை என்று பொருள், எனவே அந்த எல்லையை மறுபடி வரையுங்கள்.

இதைவிட ஆபத்தானது அமைதி. ஒரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். புதிய மென்பொருளை அடுத்த மாதம் முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவரலாமா என்று தலைவர் கேட்கிறார். 'கொண்டுவந்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது' என்று தானே சேர்த்தும் விடுகிறார். இரண்டு மூத்தவர்கள் தலையசைக்கிறார்கள். மேசையின் கோடியில் இருக்கும் இளநிலை ஊழியருக்கு மட்டும், பழைய பதிவுகளில் ஒரு பகுதி இன்னும் மாற்றப்படவில்லை என்பது தெரியும். இரண்டு முறை பேனாவைத் திறந்து மூடுகிறார். 'வேறு ஏதாவது?' என்று கேட்டுக்கொண்டே தலைவர் கோப்பை மூடுகிறார். கூட்டம் முடிந்தது. எல்லோருக்கும் தெரிந்ததையே குழுக்கள் திரும்பத் திரும்பப் பேசும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பேச்சுக்கே வராமல் போகும் என்று உளவியல் ஆய்வாளர்கள் ஸ்டாசரும் டைட்டஸும் 1985-இல் காட்டியது இதைத்தான்.

இதற்கு மருந்து நான்கு. தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். பேச்சைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் தம் கருத்தைத் தாளில் எழுத வேண்டும். எழுதியதை இளையவரிடமிருந்து தொடங்கி வாசிக்க வேண்டும். 'ஆட்சேபணை உண்டா?' என்று கேட்பதை விட்டு, 'இது தோற்றுப்போனால் எதனால் தோற்கும்?' என்று கேட்க வேண்டும். முன்னதற்கு மௌனம் பதிலாகிவிடும், பின்னதற்கு எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிழையை ஒப்புக்கொண்டவருக்கு முதல் முறை கிடைக்கும் பதில் எல்லோருக்கும் நினைவிருக்கும். மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், சிறப்பாகச் சேர்ந்து இயங்கிய பிரிவுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்ததைக் கண்டு முதலில் திகைத்தார். அங்கே பிழையை மறைக்காமல் பேச முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே பிழையே பதிவாகாத குழுவைப் பாராட்டுவதற்கு முன் சற்று யோசியுங்கள்.

பாதிக் காலம் கடந்ததும் ஒரு மறுபார்வைக் கூட்டம் வையுங்கள். கெர்சிக் கண்ட குழுக்கள் பழைய வழியை உதறிப் புதிய வழிக்கு மாறியதும் அந்தக் கட்டத்தில்தான். காலக்கெடு கண்ணில் படத் தொடங்கும் வேளை அது. எதை நிறுத்தலாம் என்பதை முதலில் பேசுங்கள்.

வேலை பின்தங்கினால் ஆளைக் கூட்டத் தோன்றும். தாமதமான மென்பொருள் பணியில் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று கணினிப் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எச்சரித்தார். புதியவருக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகும், உறவுகளின் எண்ணிக்கையும் ஏறும். ஆளைக் கூட்டுவதைவிட வேலையின் அளவைக் குறைக்க மேலிடத்திடம் கேட்பது மேல்; கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடுங்கள். டக்மனும் 1977-இல் கலைதலை ஐந்தாவது கட்டமாகச் சேர்த்தார். யாருக்கு என்ன பொறுப்பு கைமாறுகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, நாள்காட்டியில் திரும்பத் திரும்ப வரும் அந்த வாராந்திரக் கூட்டத்தை நீக்கிவிட்டு எழுந்துவிடலாம்.