கார் அடியில் சிவப்பு எண்ணெய்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் உள்ள ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) என்ற ஆயில் அப்படிக் குறையாது. அளவு இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அப்படியே ஓட்டினால் பம்ப் காற்றை இழுக்கும், பிரஷர் விழும், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகும். நூறு ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை கியர்பாக்ஸையே பிரிப்பதில் போய் நிற்கும்.

1. அட்டை வையுங்கள்

இரவு சமதளத்தில் காரை நிறுத்தி, அடியில் பெரிய அட்டையை விரியுங்கள். முன் சக்கரங்கள் எங்கே வருகின்றன என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும்.

2. நிறம் பாருங்கள்

ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பு, பழசானால் பழுப்பாகும். சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் வகைக்கான சில ஆயில்கள் பச்சையாகவும் இருக்கும், அதனால் கூலன்ட் என்று ஏமாந்துவிடாதீர்கள். கூலன்ட் தண்ணீர் மாதிரி ஓடும், ஏடிஎஃப் விரலில் வழவழக்கும். சில கார்களில் பவர் ஸ்டீயரிங்கிலும் ஏடிஎஃப்தான் என்பதால் அதன் டப்பாவையும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தின் உட்புறம் வெளிர் மஞ்சளாகச் சொட்டினால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்தக் காரை எடுக்கவே வேண்டாம்.

3. ஊற்றுக்கண்ணைத் தேடுங்கள்

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டில் காரை நிறுத்திய பிறகே குனியுங்கள். இன்ஜினும் சைலன்சரும் ஆறியிருக்க வேண்டும்.

ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளுவதால், ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று முடிவு கட்டக் கூடாது. பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்து, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடு ஆறியதும் மறுபடி பாருங்கள். புதிதாக ஈரமான இடங்களில் மிக மேலே இருப்பதுதான் மூலம்.

ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட் என்றால் வாஷர் நசுங்கியிருக்கும். போல்ட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட வேண்டும். பழையதையே வைத்து இன்னும் இறுக்கினால் மரை போய்விடும். கியர்பாக்ஸின் அடித்தட்டான பான் ஓரம் முழுக்க ஈரமென்றால் கேஸ்கெட். சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் கியர்பாக்ஸில் நுழையும் இடமென்றால் ஆயில் சீல். ரேடியேட்டர் பக்கமென்றால் ஏடிஎஃப்பைக் குளிர்விக்கும் கூலரின் ஹோஸ். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சிவப்பாக வந்தால், இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் சீல். கியர்பாக்ஸை இறக்காமல் அதை மாற்ற முடியாது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

4. அளவு பார்த்து ஊற்றுங்கள்

டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் குச்சி) இருந்தால் மேனுவல் சொல்லும் முறையிலேயே பாருங்கள். பல கார்களில் ஆயில் சூடாகி, இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டா கார்கள் பலவற்றில் இன்ஜினை அணைத்த பின். டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களுக்கு வெப்பநிலையை அளந்து நிரப்ப வேண்டும், அது ஒர்க்‌ஷாப் வேலை.

மேனுவலில் குறிப்பிட்ட ரக ஆயில் மட்டும்தான். நீளமான புனல் வைத்து 100 மில்லி ஊற்றி, பார்த்து, மறுபடி ஊற்றுங்கள். அதிகமானால் நுரைத்து, கியர்பாக்ஸின் காற்றுத் துளையான பிரீத்தர் வழியே வெளியே தள்ளும், புதுக் கசிவு போலத் தோன்றும்.

ஆயில் ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

5. எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

டி போட்டபின் கார் தாமதமாக நகர்வது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுவது, கருகல் வாடை, அடியிலிருந்து புகை. சூடான சைலன்சரில் ஏடிஎஃப் சொட்டினால் தீப்பிடிக்கலாம். ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். முன்சக்கர இழுவைக் காரானால் முன் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைக் கேளுங்கள்.