நாட்டுப்புறத் தந்திக் கருவிகளின் பெயரைப் போலிஷில் எழுதும் முறை

அகராதியைத் திறக்கும் முன் கருவியின் காணொளியைப் பாருங்கள். வில்லால் இழுக்கிறார்களா, விரலால் மீட்டுகிறார்களா, குச்சியால் தட்டுகிறார்களா, கைப்பிடியைச் சுற்றுகிறார்களா? அதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதிகம் சறுக்குவது, கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் தந்திக் கருவியான ஹர்டி-கர்டியில்தான். போலிஷில் அது 'லிரா கொர்போவா'. ஆங்கிலத்தில் தெருவோரச் சுழற்று இசைப்பெட்டியையும் சிலர் ஹர்டி-கர்டி என்பதால் 'கட்டரின்கா' என்று எழுதிவிடுகிறார்கள். அதில் தந்தியே கிடையாது. குச்சியால் தட்டும் டல்சிமர் 'ட்ஸிம்பவே'. சிம்பல் என்று ஏமாறாதீர்கள், அந்த உலோகத் தட்டுகள் 'தலெஷே'. ரஷ்யாவின் குஸ்லியை விரலால் மீட்டுவார்கள். போலிஷ் 'கெஞ்ஷ்லே'யோ வில் கருவி. எனவே குஸ்லியை அப்படியே விடுங்கள்.

இலக்கணம் இன்னும் படுத்தும். வயலினைக் குறிக்கும் 'ஸ்க்ஷிப்த்ஸே'வுக்கு ஒருமையே இல்லை, ட்ஸிம்பவேவும் அப்படித்தான். ஒரு வயலின் 'யெட்னே ஸ்க்ஷிப்த்ஸே', இரண்டு 'ட்வோயே ஸ்க்ஷிப்யெத்ஸ்'. வழக்கமான 'ட்வா'வைப் போட்டால் பிழை.

தந்தியின் பக்கவாட்டில் நகத்தை அழுத்தி வாசிக்கும், போலந்தின் பிவ்கொராய் வட்டாரக் கருவியை 'சுகா பிவ்கொரைஸ்கா' என்று ஊர்ப்பெயரோடு முழுதாக எழுதுங்கள். வெறும் 'சுகா' என்றால் பெட்டை நாய், வசைச்சொல்லும்கூட.