கேமிங் கணினியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சிக்கனம் வேண்டாம்

குறைந்த செலவில் கேமிங் கணினி அமைக்க விரும்புவோர், பணத்தின் பெரும்பங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிவிட்டு, பிராசசரை ஆறு கோர்களோடு நிறுத்திக்கொள்ளலாம்; 1080பி திரைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால், பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழ்ந்து உயரும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள், கேபினட்டுடன் சேர்த்துத் தரப்படும் மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைப் பெட்டியை, நம்ப வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்வேன். ‘80 பிளஸ்’ சான்று மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டுமே குறிப்பதால், மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு உண்டா என்றும், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்குமா என்றும் விவரக்குறிப்பைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள். வீட்டின் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். ரேமை 16 ஜிபி ஒன்றாக வாங்காமல், 8 ஜிபி இரண்டாகப் பொருத்தினால், பல விளையாட்டுகளில் வேகம் கூடும்.