‘சேவ்’ ஆன கணக்கும் காணாமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பிற்பகல் இடி இடித்தால் மெயின் சுவிட்ச் விழுவது வழக்கம். கிராணி (தோட்ட எழுத்தர்) அப்போதுதான் செக்ரோலை, அதாவது தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவை, கணினியில் பதிந்து ‘சேவ்’ அழுத்தியிருப்பார். மின்சாரம் வந்த பிறகு பார்த்தால் கோப்பு இருக்கும், அளவும் சரியாக இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பழி பெரும்பாலும் வைரஸ் மேல் விழுகிறது. காரணம் வேறு.

‘சேவ்’ அழுத்தியதும் தகவல் முதலில் ரேமில்தான் நிற்கும். இயங்குதளம் அதைப் பிறகுதான் வட்டுக்கு அனுப்பும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் 30 விநாடிகூட ஆகலாம். வட்டுக்குப் போனாலும் வேலை முடிந்துவிடாது. ஹார்ட்டிஸ்க்குக்கும் பல எஸ்எஸ்டிகளுக்கும் சொந்தமாக ஒரு தற்காலிக நினைவகம் உண்டு. அதில் விழுந்த உடனே ‘எழுதிவிட்டேன்’ என்று வட்டு பதில் சொல்லிவிடும். மின்சாரம் போனால் இரண்டு இடமும் காலி. அதனால்தான் டேட்டாபேஸ்கள், கையில் உள்ளதை இப்போதே நிலையாக எழுதச் சொல்லி ‘ஃபிளஷ்’ கட்டளை அனுப்புகின்றன.

அந்தக் கட்டளையை நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. வின்டோஸ் டிவைஸ் மேனேஜரில் வட்டின் ‘பாலிசிஸ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் கட்டம் ரைட் கேஷிங், அதாவது எழுத வேண்டியதை முதலில் தற்காலிக நினைவகத்தில் வைப்பது. அதில் டிக் இருக்கலாம். இரண்டாவது கட்டம் ஃபிளஷையே நிறுத்தும். வேகம் கூடும் என்று அதில் டிக் வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கடைசிப் பதிவு மட்டும் போனால்கூடத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். ஆனால் வட்டு தன் வசதிக்கு வரிசை மாற்றி எழுதும். பாதியில் நின்றால் அட்டவணை ஒன்று சொல்லும், பதிவு வேறொன்று சொல்லும். பல மாதக் கணக்கும் சேர்ந்து சிதையும். மின்சாரம் போனாலும் எழுதி முடிக்க உதவும், சிறிது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டர் பல சர்வர் ரக எஸ்எஸ்டிகளில் உண்டு. கடையில் வாங்கும் சாதாரண எஸ்எஸ்டியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்தும் கடைகளில், அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் லாக் (மாற்றங்களைக் குறிக்கும் பதிவேடு) ஃபிளஷ் அமைப்பு (innodb_flush_log_at_trx_commit) 1 ஆக இருக்கட்டும். 2 என்று வைத்தால், மின்வெட்டின்போது ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் நடந்த வியாபாரம் பதிவில் இல்லாமல் போகலாம்.

சொந்தமாக மென்பொருள் எழுதித் தருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். பக்கத்தில் புதுக் கோப்பு எழுதி, ஃபிளஷ் செய்து, அதன் பிறகே பழைய பெயருக்கு மாற்றுங்கள். ஃபிளஷ் பிழை காட்டினால் மறுபடி அழைத்து ‘சரி’ என்று வந்ததை நம்பக் கூடாது. எழுத முடியாமல் தோல்வியடைந்த நினைவகப் பக்கங்களையும் லினக்ஸ் எழுதியதாகக் குறித்துவிடுவது 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் குழுவுக்குத் தெரியவந்தது. அதன்பின் அந்த டேட்டாபேஸ், பிழை வந்தால் நின்று, லாகிலிருந்து மீண்டு எழும்படி மாற்றப்பட்டது.

பென்டிரைவை வின்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல் உடனே பிடுங்கலாம் என்பது இயல்பான அமைப்பு. யாராவது அதை மாற்றியிருந்தாலோ, லினக்ஸாக இருந்தாலோ அது பொருந்தாது. ‘இஜெக்ட்’ கொடுத்தே எடுங்கள்.

யூபிஎஸ் அவசியம் வேண்டும், ஆனால் கணினி உறைந்துபோனால் அது உதவாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: கணினி யூபிஎஸ்ஸில் இருக்கும், தனி அடாப்டர் உள்ள வெளி ஹார்ட்டிஸ்க் சுவர் பிளக்கில் இருக்கும். மெயின் விழுந்ததும் எழுதிக்கொண்டிருந்த பேக்கப் வட்டு மட்டும் அணையும். அந்த அடாப்டரையும் யூபிஎஸ்ஸின் பேட்டரிப் பக்கத்துப் பிளக்கிலேயே மாட்டுங்கள். சில யூபிஎஸ்களில் மறுபக்கத்துப் பிளக்குகள் திடீர் மின்னழுத்த உயர்வை மட்டுமே தடுக்கும், பேட்டரி மின்சாரம் தராது.