அட்டையை அல்ல, நடுவரைப் பாருங்கள்

‘ஆப்பிள்ஸ் டு ஆப்பிள்ஸ்’ ஓர் அட்டை விளையாட்டு. சுற்றுக்கு ஒருவர் நடுவராகி, ஒரு சொல் எழுதிய பச்சை அட்டையைப் போடுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு சிவப்பு அட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள். நடுவர் யாருடைய அட்டையை எடுக்கிறாரோ, அவருக்கே அந்தப் பச்சை அட்டை. இதை ஆடும்போது பலரும் பச்சை அட்டையின் சொல்லுக்கு அச்சாகப் பொருந்தும் சிவப்பு அட்டையைத்தான் தேடுகிறார்கள். நடுவர் அப்படிப் பொருத்தம் பார்க்கிற ஆளாக இருந்தால் சரி. பெரும்பாலும் இருக்க மாட்டார். தனக்குச் சிரிப்பு வருவதைத்தான் எடுப்பார். ‘பயங்கரமானது’ என்று பச்சை அட்டை விழுந்தால், குறும்புக்காரரிடம் ‘சுறா’வைவிட ‘கணக்குப் பாடம்’ எடுபடும். கறாரான ஆளிடம் சுறாவே போதும்.

கையில் இருப்பது 7 அட்டை. உங்களுக்குப் பிடிபடாதவர் நடுவராகும் சுற்றில் உதவாத அட்டையைத் தள்ளிவிடுங்கள், புதிது வரும். நல்ல அட்டை, நீங்கள் நன்கு அறிந்தவர் நடுவராக வரும்வரை காத்திருக்கட்டும்.

அட்டைகளைக் கலைத்த பிறகே நடுவர் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். வாதாடுவதற்கு விதியிலேயே இடமுண்டு. ஆனால் தன் அட்டைக்காக மட்டும் கத்துபவர் சுலபமாக மாட்டிக்கொள்வார். நடுநடுவே அடுத்தவர் அட்டையையும் புகழுங்கள். (ஆட்டத்தின் பாதி ருசியே இதில்தான்!)

வெல்ல 4 பேர் ஆடினால் 8 பச்சை அட்டை வேண்டும். 8 முதல் 10 பேர் என்றால் 4 போதும்.