பேச்சு குறைந்த ஆட்டிசப் பிள்ளைக்கு ஏன் இத்தனை எரிச்சல்? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

நாலு வயதுப் பிள்ளை திடீரென்று கத்துகிறது, தலையைச் சுவரில் முட்டுகிறது, தூக்க வந்தவர் கையைக் கடிக்கிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று தெருவில் சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். "காது வலிக்குது" என்று சொல்ல வாய் வராத பிள்ளைக்கு அந்தக் கத்தல்தான் பேச்சு. அது என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டும் இரண்டு வாரமும் வேண்டும்.

படி 1: முதலில் உடம்பு

நேற்றுவரை இல்லாத எரிச்சல் இன்று வந்தால், முதலில் வலியைச் சந்தேகப்படுங்கள். காதை இழுக்கிறதா, காதோரம் அடித்துக்கொள்கிறதா? டார்ச் அடித்து வாயைப் பாருங்கள்: சொத்தைப் பல், ஈறு வீக்கம், புண். ஒரு பக்கமாகவே மெல்லுவதும் பல்வலியாக இருக்கலாம். கட்டில் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு படுக்கிறதா? வாரத்தில் மூன்று தடவைக்கும் குறைவாக, கட்டி கட்டியாக வெளிக்குப் போனால் அது மலச்சிக்கல். சோறும் பிஸ்கட்டும் தவிர எதையும் தொடாத பிள்ளைகளிடம் இது சகஜம். ஆட்டிசத்தின் குணம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் கொடுமை.

கோடையில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வேர்க்குரு இருக்கிறதா பாருங்கள். கடலில் குளித்த பிறகு, உப்பு காய்ந்த தோலில் சட்டை உரசுவதைக்கூடச் சில பிள்ளைகளால் பொறுக்க முடியாது. உடனே நல்ல தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுங்கள்.

படி 2: நோட்டில் நாலு கட்டம்

நேரம், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் நடந்தது, பிள்ளை செய்தது, பிறகு நாம் செய்தது. 14 நாள் எழுதுங்கள். "அடம் பிடித்தான்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "மாலை 6.10. கரண்ட் போய் ஃபேன் நின்றது. 4 நிமிடம் கத்தினான், இடது கையைக் கடித்தான். அப்பத்தா செல்போன் கொடுத்தார், நின்றது." முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கியது, எப்போது சாப்பிட்டது, வெளிக்குப் போனதா என்பதைப் பக்கத்தின் தலையில் குறியுங்கள்.

படி 3: எது திரும்பத் திரும்ப வருகிறது?

இரண்டாவது கட்டத்தில் மீன் ஏலத்துக் கூச்சல், படகு எஞ்சின், திருவிழா ஒலிபெருக்கி, கருவாட்டு வாடை என்று வந்துகொண்டே இருந்தால் காரணம் புலன்களில் இருக்கிறது. நாலாவது கட்டத்தில் செல்போனே வந்தால், கடித்தால் போன் கிடைக்கும் என்பதை நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

நாள் ஒழுங்கு மாறுவதும் பெரிய காரணம். விசைப்படகுக்குப் போகும் அப்பாவோ வாப்பாவோ மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் வீட்டில் இருப்பார். பிள்ளை அதற்குப் பழகும். பிறகு ஒரு நாள் விடியுமுன் ஆளைக் காணோம். சொல்லிப் புரியவைக்கப் பேச்சு போதாது, படம் போதும். ஒரு வாரம் முன்பே ஏழு கட்டம் போட்டு ஒட்டி, தினமும் பிள்ளையின் கையாலேயே ஒன்றைக் கோடு போட்டு அடிக்கச் செய்யுங்கள். கடைசிக் கட்டத்தில் உங்கள் படகின் போட்டோ. கரைக்குத் திரும்பும் நாளுக்கு வீட்டு வாசலின் போட்டோ.

படி 4: கத்தலுக்குப் பதில் ஒரு அட்டை

நோட்டில் அதிகம் வரும் ஒரே ஒரு தேவையை எடுங்கள். தண்ணீர் என்றால், பிள்ளை குடிக்கும் அதே தம்ளரைப் படம் எடுத்து, இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டி, லேமினேட் செய்யுங்கள். வெறும் தாள் உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் நமுத்துவிடும்.

ஒருவர் தண்ணீரோடு எதிரே உட்காரட்டும். இன்னொருவர் பின்னாலிருந்து பிள்ளையின் கையைப் பிடித்து அட்டையை எடுத்து நீட்டச் செய்யட்டும். அட்டை கைக்கு வந்த நொடியே "தண்ணி" என்று சொல்லி, தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பிள்ளை அமைதியாக இருக்கும்போது. கத்தும் நேரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. பலர் தோற்பது இங்கேதான். பின்னால் இருப்பவர் கைப்பிடியை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை அந்தக் கைக்காகவே காத்திருக்கும்.

கத்தினால் போன் தருவதை நிறுத்தியதும் சில நாள் கத்தல் கூடும். பழைய வழியைப் பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அந்த நாட்களில் வீட்டில் யாராவது ஒருவர் இரங்கிக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்றே அது கற்றுக்கொள்ளும்.

படி 5: கத்தும் நேரத்தில்

கூட்டத்தை விலக்குங்கள், சத்தத்தைக் குறையுங்கள். இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதீர்கள். தலையை முட்டினால் தலையணையை இடையில் வையுங்கள். ஆபத்து இருந்தால் மட்டும் பிடியுங்கள்.

எப்போது மருத்துவர்?

தலையில் அடிபட்டபின் வாந்தி அல்லது மயக்கம், வலிப்பு, வெறித்த பார்வை, தண்ணீர் குடிக்க மறுப்பது இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேசிய சொற்கள் மறைந்துபோனால் அந்த வாரமே காட்டுங்கள். வலி எதுவும் கண்ணில் படாமல் எரிச்சல் நீடித்தாலும், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எரிச்சலுக்கான ரிஸ்பெரிடோன் மருந்தை அமெரிக்க மருந்துத் துறை 2006-ல் ஒப்புக்கொண்டது 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான். பசியையும் எடையையும் கூட்டும் மருந்து அது. யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.